மிளகாய்ச் செடியில் இனத் தடையை அளப்பது எப்படி: குளுவாங் வீட்டுத் தோட்டத்துக்கான செய்முறை

புது இனம் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் ஆறாம் படிவ மாணவர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள்: ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிகிறது, நாளடைவில் ஒன்றோடொன்று சேர முடியாமல் போகிறது. அந்தச் ‘சேர முடியாமல் போவது’ எந்தக் கட்டத்தில், எத்தனை விழுக்காடு என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடும். அதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மலேசியாவின் ஜொகூரில் உள்ள குளுவாங் மாதிரி எஸ்டேட் பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பாலிபேக் வைக்க இடம், கூர்மையான ஒரு சாமணம், தையல் நூல், கடைசிக் கட்டத்துக்குப் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி, இவ்வளவு போதும். பொறுமைதான் அதிகம் வேண்டும். விதை போட்டதிலிருந்து கலப்புச் செடியின் மகரந்தத்தை எண்ணும் வரை ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்.

முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள்

“இது அதோடு சேருமா, சேராதா?” என்று கேட்டுத் தொடங்கினால் இந்தச் சோதனை வீண். இரண்டு இனங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே தடை அல்ல. வேறு இடத்தில் வளர்வது, வேறு காலத்தில் பூப்பது, வேறு பூச்சி வருவது எல்லாம் மகரந்தம் சேரும் முன்பே வரும் தடைகள். மகரந்தம் சூல்முடியில் விழுந்த பிறகு குழாய் விடாமல் போகலாம். கருவுற்ற பிறகு விதை சூம்பலாம், விதை நன்றாக இருந்தும் முளைக்காமல் போகலாம், முளைத்த கன்று நோஞ்சானாகலாம். செழிப்பாக வளர்ந்த கலப்புச் செடியே மலடாகவும் இருக்கலாம். முதல் தலைமுறையில் ஒன்றும் தெரியாமல் இரண்டாம் தலைமுறையில் கெடுவதும் உண்டு. இவற்றில் எந்த ஒன்றும் முழுதாக அடைத்திருக்கத் தேவையில்லை. பாதி பாதியாக அடைக்கும் நாலைந்து தடைகள் வரிசையாக நின்றாலே இரண்டு கூட்டங்களும் தனித்தனி வழியில் போய்விடும். ஆகவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: ஒவ்வொரு தடையும், அதே இனத்துக்குள் செய்த கலப்போடு ஒப்பிட்டால், எவ்வளவு அடைக்கிறது? இந்த ‘ஒப்பிட்டால்’ என்பதை விட்டுவிட்டு எடுத்த கணக்கெல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

இரண்டு பக்கமும் நன்றாக வாழும் செடிகள் சேர்ந்தால் மட்டும் ஏன் கெடுகிறது? மரபியல் அறிஞர்களான பேட்சன் 1909-லும், டொப்சான்ஸ்கி 1930-களிலும், முல்லர் 1940-களிலும் தனித்தனியாகக் கண்ட விடை ஒன்றுதான். தொடக்கத்தில் எல்லாச் செடியிலும் ‘அ’ என்று ஒரு மரபணுவும் ‘க’ என்று ஒரு மரபணுவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரிந்துபோன ஒரு கூட்டத்தில் அ மாறி ஆ ஆகிறது. ஆ-வும் க-வும் ஒத்துப்போவதால் அங்கே யாருக்கும் கேடில்லை. மற்றக் கூட்டத்தில் க மாறி கா ஆகிறது. அங்கே அ-வும் கா-வும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஆ-வும் கா-வும் ஒரே செடியில் அதுவரை இருந்ததே கிடையாது. கலப்புச் செடியில்தான் முதன்முதலாகச் சேர்கின்றன. அங்கே ஒத்துவராவிட்டால் செடி நோஞ்சானாகும் அல்லது மலடாகும். சேரக்கூடாது என்று எந்தச் செடியும் திட்டம் போடவில்லை. தனியாக இருந்த காலத்தில் நடந்த மாற்றங்களின் பக்கவிளைவு இது.

சுற்றிலும் நிற்கும் செம்பனை இதற்கு நல்ல பாடம், ஆனால் பெரும்பாலும் தப்பாகப் படிக்கப்படும் பாடம். நர்சரியில் வாங்கும் ‘டி×பி’ (டூரா × பிசிபேரா) கன்று இரண்டு இனங்களின் கலப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தடித்த ஓட்டு டூராவும் ஓடில்லாத பிசிபேராவும் ஒரே இனம்தான். கொட்டையின் ஓட்டுத் தடிப்பை ஒற்றை மரபணு ஆள்கிறது, நடுத்தர ஓட்டுள்ள டெனெரா அதன் கலப்பு நிலை என்பதை பெல்ஜியன் காங்கோவில் பைர்னார்ட்டும் வாண்டர்வேயனும் 1941-ல் காட்டினார்கள். பிசிபேரா மரங்களின் பெண் குலை பெரும்பாலும் காய்க்காமல் அழுகிப்போகும். அதனாலேயே அவற்றை மகரந்தத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி இருப்பதால், மலடு என்றாலே வேறு இனம் என்று முடிவு கட்டக்கூடாது. உண்மையான இனக் கலப்பு வேண்டுமென்றால் ஆப்பிரிக்கச் செம்பனையை அமெரிக்கச் செம்பனையோடு சேர்ப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் குரோமோசோம் 32-தான். நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல் இருந்ததே ஒழிய, கையால் மகரந்தம் தூவினால் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கலப்பு மரத்தின் மகரந்தம் தரம் குறைந்தது. பூ வண்டையும் அது அவ்வளவாக இழுப்பதில்லை. ஆள் போட்டுத் தூவினால்தான் குலை நிறைய காய் பிடிக்கும். கடல் என்ற தடையை மனிதன் எடுத்துவிட்டான், அதற்குப் பின்னால் நின்ற தடைகள் அப்படியே இருக்கின்றன. நாம் வீட்டில் பார்க்கப்போவதும் இதே மாதிரிதான், ஆனால் பல ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

செடித் தேர்வு: பாதிச் சோதனை இங்கேதான் கெடுகிறது

ஒரு பக்கம் சிவப்பு மிளகாய், கேப்சிகம் ஆனுவம். ஜொகூரில் எளிதாகக் கிடைக்கும் கூலாய் மிளகாய் ஒன்று, மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்.சி. 11 அல்லது எம்.சி. 12 ஒன்று என இரண்டு வகை எடுங்கள். மறுபக்கம் சிலி பாடி என்னும் சிறு காரமிளகாய், கேப்சிகம் ஃப்ரூடெசென்ஸ். அதிலும் இரண்டு வேறு வீட்டிலிருந்து விதை வாங்குங்கள். வகைக்கு மூன்று செடி, மொத்தம் பன்னிரண்டு. இரண்டு வகை ஏன் என்றால், ஒரே இனத்துக்குள் ஒரு செடியை இன்னொரு செடியோடு சேர்த்த கணக்குதான் நமக்கு அளவுகோல். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அந்தக் காயை அளவுகோலாக வைத்தால் ஒப்பீடு தப்பாகிவிடும்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ‘சிலி பாடி’ என்று குவித்து விற்பதில் ஒரு பங்கு, காய் சிறுத்த ஆனுவமாகவே இருக்கும். காயின் அளவையும் காரத்தையும் வைத்து இனம் பிரிக்க முடியாது. பூவைப் பாருங்கள். ஆனுவத்தில் ஒரு கணுவில் பெரும்பாலும் ஒற்றைப் பூ, இதழ் பால் வெள்ளை. ஃப்ரூடெசென்ஸில் ஒரு கணுவில் இரண்டு அல்லது அதற்கு மேல், இதழில் இலேசான பச்சை ஓடும், காம்பு விறைப்பாக மேலே நிற்க, பூமுகம் மட்டும் கீழ்ப்பக்கம் சாயும். பழுத்த பிறகு இன்னொரு அடையாளம்: ஃப்ரூடெசென்ஸ் பழத்தை இலேசாக இழுத்தாலே புல்லிவட்டத்தைச் செடியில் விட்டுவிட்டுக் கையோடு வரும், சதையும் மசிந்துபோகும். ஆனுவம் காம்போடு முறியும். காம்பும் புல்லிவட்டமும் சேருமிடத்தில் நூல் கட்டியதுபோல் ஒரு சுருக்கம் தெரிந்தால் அது மூன்றாவது இனமான சைனென்ஸ், அதாவது ஹபனேரோ வகை. சிலி பாடி என்று நம்பி ஆனுவத்தையே இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் எல்லாக் கலப்பும் அருமையாகக் காய்க்கும். தடையே இல்லை என்று எழுதிவைப்பீர்கள்.

கடையில் வாங்கும் விதைப் பொட்டலத்தில் ‘எஃப்1’ என்று அச்சிட்டிருந்தால் அந்தச் செடியைத் தாயாகவோ தந்தையாகவோ பயன்படுத்தலாம். ஆனால் அது தானாகக் காய்த்த காயிலிருந்து விதை எடுத்துப் பெற்றோர் செடியாக வளர்க்காதீர்கள். ஒவ்வொரு கன்றும் ஒரு விதமாக வந்து கணக்கைக் கலைக்கும். முடிந்தால் தந்தைச் செடிகளில் ஒன்று ஊதாத் தண்டு உடையதாக இருக்கட்டும். பச்சைத் தண்டுத் தாய்க்குப் பிறந்த கன்றில் ஊதா ஏறியிருந்தால் கலப்பு நடந்தது உறுதி.

வளர்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. ஆனுவம் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும், சிலி பாடி மூன்று வாரம் கூட எடுக்கும். பூப்பதிலும் அப்படித்தான், சிலி பாடி பின்தங்கும். அதனால் சிலி பாடியை நான்கு வாரம் முன்னதாக விதையுங்கள். ஆனால் இரண்டு இனத்திலும் ஒவ்வொரு செடியை ஒரே நாளில் விதைத்துத் தனியாக வையுங்கள், அவை முதல் பூ விட்ட தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியே ஒரு தடை. ஜொகூரில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். ஜனவரிக் கடைசியில் விதைத்தால் கலப்பு வேலை மே மாதத்தை ஒட்டி வரும்.

கையால் மகரந்தம் சேர்ப்பது

நாள் தொடங்குவது முந்தின மாலை 4 மணிக்கு. மறுநாள் காலை விரியப்போகும் மொட்டுதான் வேண்டும். புல்லிவட்டத்தைவிட இதழ் சற்று நீண்டு, வெந்த சோற்றுப் பருக்கைபோல் வெளுத்து உப்பி, நுனி இன்னும் மூடியிருக்கும். பச்சையாக இருந்தால் இளசு, சூல்முடி தயாராக இருக்காது. நுனி பிளந்திருந்தால் காலம் கடந்துவிட்டது. சாமண நுனியால் இதழை ஒரு பக்கமாகக் கீறி விலக்குங்கள். உள்ளே நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஐந்தோ ஆறோ மகரந்தப்பைகள் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். எண்ணுங்கள். ஒவ்வொன்றாக, பையைத் தாங்கும் இழையின் அடியில் பிடித்து எடுங்கள், பையை நசுக்காதீர்கள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து மறுபடி எண்ணுங்கள். ஐந்து இருந்த பூவில் நாலுதான் கையில் இருக்கிறது என்றால் அந்தப் பூவை நம்பாதீர்கள். எந்தப் பையிலாவது வெண்தூள் தெரிந்தால் மொட்டையே கிள்ளி எறியுங்கள்.

பூவுக்குப் பூ சாமணத்தை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். துடைத்ததோடு நிற்காமல் காற்றில் உலரவும் விடுங்கள். ஈர ஆல்கஹால் சூல்முடியில் பட்டால் அது கருகிவிடும், நீங்களோ அதை இனத் தடை என்று எழுதுவீர்கள். பை நீக்கிய மொட்டைக் காலித் தேயிலைப் பையால் மூடி, வாயை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இந்தப் பக்கம் எங்கும் கெலுலுட் என்னும் கொட்டாத சிறு தேனீ உண்டு, விடியற்காலையிலேயே வந்துவிடும். மஞ்சள் நிறத்தில் மயிரிழைபோல் ஊர்ந்து திரியும் இலைப்பேன் பையின் தையலுக்குள்ளும் நுழையும். அதனால்தான் கீழே சொல்லும் வெறும்பூக் கணக்கு கட்டாயம்.

மறுநாள் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் தந்தைச் செடியில் அப்போதுதான் விரிந்த பூவைப் பறியுங்கள். அந்தப் பூவும் முந்தின மாலையே பையால் மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்திருந்தால் தேனீ கொண்டுவந்த வேறு மகரந்தம் அதில் இருக்கலாம். மழை ஈரம் உள்ள காலையில் மகரந்தப்பை பிளக்கத் தாமதமாகும். பூவை உலர்ந்த தட்டில் வைத்து மேசை விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்தால் பிளந்துகொள்ளும். பிளந்த பையின் வாயைத் தாய்ப்பூவின் சூல்முடியில் இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள். சூல்முடி ஈரப் பளபளப்போடு இருந்தால் தூள் உடனே ஒட்டும். மறுபடி மூடுங்கள், மூன்று நாள் கழித்துப் பையை எடுத்துவிடுங்கள். காம்பில் நிற நூல் கட்டி, அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்: தாய் முதலில், தந்தை பிறகு, தேதி. பேனா மை மழைக்கு நிற்காது.

செய்ய வேண்டிய சேர்க்கைகள் ஐந்து: ஆனுவம் தாய், வேறு வகை ஆனுவம் தந்தை; சிலி பாடி தாய், வேறு வீட்டுச் சிலி பாடி தந்தை; ஆனுவம் தாய், சிலி பாடி தந்தை; அதன் தலைகீழ்; கடைசியாக மகரந்தப்பை நீக்கி எதையும் தூவாமல் மூடிவைத்த வெறும்பூ, இரண்டு இனத்திலும். ஒவ்வொன்றிலும் 20 பூவுக்குக் குறையாமல் செய்யுங்கள். தலைகீழ்ச் சேர்க்கையை விட்டுவிடாதீர்கள். ஒரு திசையில் நன்றாகக் காய்த்து மறு திசையில் மொத்தமும் உதிர்வது இனக் கலப்பில் சாதாரணம். அந்த வேறுபாடே தடை எங்கே இருக்கிறது என்று காட்டும் துப்பு. சிலி பாடிப் பூ மிகச் சிறியது, பழகாத கையில் சூல்தண்டு முறியும். முதல் சில நாள் ஆனுவத்தைத் தாயாக வைத்துக் கை பழகுங்கள். முறிந்த பூவைத் தோல்வியில் சேர்க்காமல் ‘கைச்சேதம்’ என்று தனியாக எழுதுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பூ உதிர்கிறதா? முதலில் செடியில் ஏற்கெனவே தொங்கும் காய்களைப் பாருங்கள். காய் சுமந்த மிளகாய்ச் செடி புதுப் பூவை உதிர்க்கும். கலப்புக்கு ஒரு வாரம் முன்பே பழைய காய்களையும், கலப்பு நாளில் மற்றப் பூக்களையும் கிள்ளிவிட வேண்டும். அடுத்தது வெயில். கூரைத் தகரத்தை ஒட்டி வைத்த பாலிபேக்கில் மதிய வெப்பம் மகரந்தத்தைக் கெடுக்கும். இவை இரண்டும் இனம் பார்ப்பதில்லை, எல்லாச் சேர்க்கையையும் ஒன்றுபோல் பாதிக்கும். அதனால் ஒரே இனத்துச் சேர்க்கையையும் மாற்றினச் சேர்க்கையையும் ஒரே செடியில், ஒரே நாளில், ஒரே கையால் செய்தால் பாதிப்பு இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஆனுவத்தை மேயிலும் கலப்பை ஜூனிலும் செய்துவிட்டு ஒப்பிடுகிறவர்கள் வானிலையைத்தான் அளக்கிறார்கள்.

காய், விதை, கன்று

ஐந்து முதல் ஏழு நாளுக்குள் காம்பு மஞ்சளாகி உதிர்ந்தால் கருவுறவே இல்லை என்று பொருள் கொள்ளலாம். காய் உருண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து உதிர்ந்தால் கதை வேறு: கருவுற்றிருக்கிறது, உள்ளே கருவுக்கு உணவூட்டும் திசு சரியாக வளரவில்லை. அதனால் உதிர்ந்தது என்று மட்டும் எழுதாமல் உதிர்ந்த தேதியையும் எழுதுங்கள். வெறும்பூக்களில் காய் பிடித்தால் உடனே பதறாதீர்கள். மிளகாய் சில நேரம் விதையில்லாக் காய் விடும். அறுத்துப் பாருங்கள்; உள்ளே விதை இருந்தால்தான் எங்கிருந்தோ மகரந்தம் வந்திருக்கிறது. அப்படியானால் அந்த வாரக் கலப்புகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

கலப்புக் காயைக் கடித்துப் பார்த்து “காரம் மாறவே இல்லை, கலப்பு நடக்கவில்லை” என்பார்கள். காயின் சதை முழுக்கத் தாயுடையது. தந்தையின் பங்கு விதைக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. அது சதையில் தெரியாது.

முழுச் சிவப்பானதும், தோராயமாக 50 முதல் 60 நாளில், பறித்துக் கையுறையோடு அறுங்கள். விதைகளை இரண்டாகப் பிரியுங்கள்: தட்டையாக, தடித்து, வெளிர் மஞ்சளாக இருப்பவை ஒரு பக்கம், காகிதம்போல் மெலிந்தவை, பழுப்பேறியவை மறுபக்கம். இரண்டையும் எண்ணுங்கள். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, நல்ல விதையில் சேர்க்கைக்கு 50 வீதம் ஈரத் தாளில் முளைக்கவிடுங்கள். 21 நாள் வரை காத்திருந்து எண்ணுங்கள். கலப்பு விதை மெதுவாக முளைப்பது உண்டு; பத்தாவது நாளே கணக்கை மூடினால் தாமதத்தைச் சாவாக எழுதிவிடுவீர்கள்.

கன்றுகளை வரிசை பிரித்து வைக்காதீர்கள். கலப்புக் கன்றெல்லாம் சுவரோரம், தாயினக் கன்றெல்லாம் வெளிச்சத்தில் என்று வைத்தால் நிழலை அளந்தவர்களாவீர்கள். கலந்து வையுங்கள், வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். இலை சுருண்டு, மஞ்சள் புள்ளி விழுந்து நிற்கும் கன்றைப் பார்த்ததும் கலப்பினச் சோகை என்று எழுத வேண்டாம். வெள்ளை ஈயும் அசுவினியும் கொண்டுவரும் வைரசும் அப்படித்தான் தெரியும். ஒரே இனக் கன்றுகளிலும் அதே அளவு சுருட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு.

கலப்புச் செடி உண்மையான கலப்புதானா என்பதை இங்கே உறுதிசெய்யுங்கள். தாயின் அச்சாக வந்த கன்று பெரும்பாலும் எடுக்காமல் விட்ட ஒரு மகரந்தப்பையின் வேலை. ஆனுவம் தாய், சிலி பாடி தந்தை என்றால், பழுத்த பழம் இழுத்ததும் கழன்று வருவது நல்ல அடையாளம். அந்தக் குணம் ஓங்குதன்மை உடையது.

மகரந்தத்தை எண்ணுவது

செழித்து வளர்ந்த கலப்புச் செடியைப் பார்த்து, தடை இல்லை என்று இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். பூக்கும் வரை பொறுங்கள். அசிட்டோகார்மின் சாயம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் 45 மில்லி அடர் அசிட்டிக் அமிலத்தை 55 மில்லி நீரில் கலந்து, 1 கிராம் கார்மின் சேர்த்து, மெதுவாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்ட வேண்டும். ஆவி மூக்கையும் கண்ணையும் அரிக்கும். ஆசிரியர் ஆவி போக்கும் பெட்டியில் செய்யட்டும், வீட்டுச் சமையலறையில் வேண்டாம். அயோடினைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். மிளகாய் மகரந்தத்தில் பூ விரியும் நேரத்துக்கு மாவுச்சத்து குறைந்துவிடுவதால் நல்ல மகரந்தமும் வெளிறித் தெரியும், கணக்கு தவறும்.

காலையில் விரிந்த பூவின் மகரந்தப்பையை ஒரு துளிச் சாயத்தில் தட்டி, தோல் துணுக்குகளை எடுத்துவிட்டு, மூடுகண்ணாடி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். 400 மடங்கில் பாருங்கள். உருண்டு, உள்ளே முழுக்கச் சிவந்தவை நல்லவை. சுருங்கியவை, கண்ணாடிபோல் வெறுமையாக இருப்பவை, அரையும் குறையுமாகச் சாயம் ஏறியவை எல்லாம் கெட்டவை. பூவுக்கு 200 மணி, செடிக்கு மூன்று பூ. அதே காலையில் இரண்டு பெற்றோர் இனத்தையும் எண்ணுங்கள். ஸ்லைடில் செடியின் பெயரை எழுதாமல் வெறும் எண் போட்டு, எண்ணுகிறவருக்கு எது எதுவென்று தெரியாமல் வையுங்கள். கலப்பு என்று தெரிந்தால் கண் கெட்டதையே தேடும். இன்னொன்று: சாயம் ஏறிய மகரந்தம் எல்லாம் குழாய் விடும் என்று இல்லை. இந்த எண் மேல் எல்லை மட்டுமே.

கலப்பில் பாதி அளவுக்கு மகரந்தம் சூம்பியிருந்தால் அதற்கு ஒரு நேரான விளக்கம் இருக்கிறது. இந்த இனங்கள் எல்லாவற்றுக்கும் குரோமோசோம் 24-தான். ஆனால் பயிரிடும் ஆனுவத்தில் ஒரு குரோமோசோமின் துண்டும் வேறொன்றின் துண்டும் இடம் மாறியிருக்கின்றன. சைனென்ஸோடு ஒப்பிட்டால் ஒன்றாம் குரோமோசோமும் எட்டாம் குரோமோசோமும். கலப்புச் செடியில் பழைய அமைப்பும் புது அமைப்பும் சேர்ந்து இருக்கும். மகரந்தம் உண்டாகும்போது அவை பிரிவதில் ஒரு வழியில் போனால் மணிக்கு எல்லாத் துண்டும் கிடைக்கும், இன்னொரு வழியில் போனால் ஒரு துண்டு இரட்டையாகி இன்னொன்று இல்லாமல் போகும். இரண்டு வழியும் ஏறக்குறைய சமமாக நடப்பதால் பாதி சூம்புகிறது. மரபணுக்கள் ஒத்துப்போகாத மலடு இப்படிப் பாதியில் நிற்க வேண்டும் என்பதில்லை. செடிக்குச் செடி ஏறி இறங்கும்.

கணக்கு

ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றினச் சேர்க்கையின் எண்ணை, அதே தாயின் இனத்துக்குள் செய்த சேர்க்கையின் எண்ணால் வகுங்கள். அதை ஒன்றிலிருந்து கழித்தால் அந்தத் தடையின் வலிமை. முறை புரிவதற்காகக் கற்பனை எண்கள்: இனத்துக்குள் 20 பூவில் 10 காய், கலப்பில் 4 காய், வகுத்தால் 0.4. காய்க்கு நல்ல விதை 60-ம் 30-ம், 0.5. முளைப்பு 90 விழுக்காடும் 72 விழுக்காடும், 0.8. நல்ல மகரந்தம் 90-ம் 45-ம், 0.5. நான்கையும் பெருக்கினால் 0.08. ஆக மொத்தத் தடை 92 விழுக்காடு.

இதில் எந்தத் தடை எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பாருங்கள். காய் பிடிக்காததே 60 புள்ளியை அடைத்துவிட்டது. மிஞ்சிய 40-ல் பாதியை, அதாவது 20 புள்ளியை, விதை அடைத்தது. முளைப்பு 4, மகரந்தம் 8. மகரந்த மலடு தனியாகப் பார்த்தால் விதைத் தடைக்குச் சமமான வலிமை. ஆனால் அதற்கு முன்னால் நின்றவை வேலையை முடித்துவிட்டதால் அதன் பங்கு சிறியது. வரிசையில் முன்னே நிற்கும் தடைக்கே பங்கு அதிகம். அமெரிக்காவில் குரங்குப்பூ என்னும் மிமுலஸின் இரண்டு இனங்களை ராம்சி, பிராட்ஷா, ஷெம்ஸ்கி ஆகியோர் இப்படி அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். அங்கே வளரும் இடம் வேறாக இருப்பது மட்டுமே 58.7 விழுக்காடு தடை. ஒன்றுக்குத் தேனீ, மற்றதற்குத் தேன்சிட்டு போன்ற சிறு பறவை என்று மகரந்தம் சேர்ப்பவை வேறாக இருப்பது 97.6 விழுக்காடு.

அப்படியானால் கையால் தூவிய நம் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது: இடம், காலம், பூச்சி என்ற மூன்று முன்தடைகளையும் நாமே தாண்டிவிட்டோம். பூச்சித் தடையை ஓரளவு அளக்கலாம். இரண்டு இனத்திலும் சம அளவு பூ விரிந்திருக்கும் காலையில் செடிகளை மாற்றி மாற்றி வைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரே தேனீ அடுத்தடுத்து எந்தப் பூவுக்குப் போகிறது என்று குறியுங்கள். 100 தாவலில் 50 மாற்றினத்துக்கு என்றால் தடை இல்லை. 10 மட்டும் என்றால் 10-ஐ 90-ஆல் வகுத்து அந்த 0.11-ஐயும் பெருக்கலில் முதலில் சேருங்கள். காலத் தடைக்கு, ஒரே நாளில் விதைத்த செடிகளின் பூப்புத் தேதிகள் கையில் இருக்கின்றன. இடத் தடையை மட்டும் குளுவாங்கில் அளக்க வழியில்லை. ஆனுவம் மெக்சிகோ பக்கத்துச் செடி, மற்றவை தென்னமெரிக்க வெப்பக் காட்டுப் பக்கத்தவை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தபின்தான் ஒரே வேலியோரத்தில் நிற்கின்றன.

கலப்புச் செடி கொஞ்சமாவது காய்த்தால் அந்த விதையில் 20 கன்றாவது வளர்த்துப் பாருங்கள். முதல் தலைமுறை நன்றாக இருந்து, இரண்டாம் தலைமுறையில் குட்டைக் கன்றும் பூக்காத கன்றும் கலந்து வந்தால் மேலே சொன்ன ஆ-வும் கா-வும் இப்போதுதான் இரட்டையாகச் சேர்ந்திருக்கின்றன. வேகமாகப் புது இனம் உண்டாகும் வழியும் ஒன்று உண்டு, குரோமோசோம் இரட்டிப்பது. 1920-களில் ரஷ்ய விஞ்ஞானி கார்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் சேர்த்தபோது மலட்டுக் கலப்பு அப்படி இரட்டித்து விதை கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு கீல்வாத மாத்திரையிலிருந்து கோல்ச்சிசின் கரைத்து மொட்டில் தடவும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம், அது சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும் நஞ்சு.

மீந்த விதையைச் சேர்க்கை வாரியாகக் காகித உறையிலிட்டு, உறைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும்போது போத்தல் அறைச் சூட்டுக்கு வரும் வரை மூடியைத் திறக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்று உள்ளே போய் நீர் கோத்தால் அடுத்த முறை பாதி விதை முளைக்காது.